‘பெற்றோர் விருப்பத்தின் பேரில்’

உள்ளடக்கிய கல்விக்குப் பொறுப்பேற்றிருக்கும் மாநில, மாவட்ட அதிகாரிகளுக்கு,

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி நான் அனுப்பிய மனுவுக்கு உங்கள் பதில் வந்துவிட்டது. நான்கு கேள்விகள் கேட்டிருந்தேன். என் மகள் ஏன் வகுப்பில் இல்லை என்ற முதல் கேள்விக்கு நீங்கள் எழுதியிருப்பது இது: “மேற்படி மாணவி பெற்றோர் விருப்பத்தின் பேரில் இல்லம் சார்ந்த கல்விக்கு மாற்றப்பட்டுள்ளார்.”

அந்தப் பெற்றோர் நான்தான். எனக்கு அப்படி ஒரு விருப்பம் ஒருநாளும் இருந்ததில்லை. கோப்பில் அது உண்மையாக நின்றுவிடக் கூடாது என்பதற்காகவே இந்த மடலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

என் மகளுக்கு ஒன்பது வயது. பிறவியிலேயே மூளை முடக்குவாதம். சுவரைப் பிடித்துக்கொண்டோ வாக்கர் வைத்துக்கொண்டோ நடப்பாள். பேச்சு மெதுவாக வரும். கேட்பவர் சற்றுக் காத்திருந்தால் முழு வாக்கியமாக வரும். எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தாள். அந்த மூன்று வகுப்புகளும் தரைத்தளத்தில் நடந்தன. நான்காம் வகுப்பு மாடியில்.

ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரத்தில் தலைமையாசிரியர் என்னை அழைத்தார். “படியேறும்போது குழந்தை விழுந்துவிட்டால் யாரம்மா பொறுப்பு? வீட்டுக்கே டீச்சர் வந்து சொல்லிக்கொடுப்பார், அரசாங்கமே ஏற்பாடு செய்திருக்கிறது” என்றார். அவர் கெட்ட மனத்தோடு அதைச் சொன்னதாக நான் இன்றும் நினைக்கவில்லை. மூன்று ஆண்டுகள் என் மகளை அந்தப் பள்ளி பரிவோடு பார்த்துக்கொண்டது. மேசையில் இரண்டு பக்கப் படிவம் ஒன்று இருந்தது. முழுவதும் ஆங்கிலம். தலைப்பில் எச்.பி.இ. என்று மூன்று எழுத்துகள். இல்லம் சார்ந்த கல்வி என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது என்று பின்னால்தான் தெரிந்தது. “இது என்ன டீச்சர்?” என்று கேட்டேன். “வீட்டுக்கு டீச்சர் வருவதற்கான படிவம்” என்றார். கூடுதலாகக் கிடைக்கும் உதவி என்று எண்ணிக்கொண்டேன். பகலில் பள்ளிக்குப் போவாள், மாலையில் வீட்டுக்கும் ஒருவர் வருவார் என்று மகிழ்ந்துகூடப் போனேன். வாரத்தில் ஒருநாள் வரும் ஆசிரியருக்காக ஐந்து நாள் வகுப்பை எழுதிக்கொடுக்கிறேன் என்பது அந்தத் தாளின் எந்த மூலையிலும் தமிழில் இல்லை. கையெழுத்துப் போட்டேன். நகல் கேட்கத் தோன்றவில்லை. அவர்களும் தரவில்லை.

அடுத்த திங்கட்கிழமை சீருடை போட்டு அழைத்துப்போனபோது வாசலிலேயே சொல்லிவிட்டார்கள்: “அவளை மாற்றியாயிற்றே அம்மா, இனி டீச்சர் வீட்டுக்கு வருவார்.” அதுதான் விதி போலிருக்கிறது என்று நம்பித் திரும்பி வந்தேன். அந்த நம்பிக்கைக்காக என் மகள் ஏழு மாதங்களைக் கொடுத்திருக்கிறாள்.

நான் வீட்டில் தையல் வேலை செய்பவள். துணி கொடுத்த தேதியையும் வாங்கும் தேதியையும் நாட்காட்டியில் குறித்துவைப்பது என் பழக்கம். சிறப்புப் பயிற்றுநர் வந்த நாட்களையும் அதே நாட்காட்டியில் பச்சை மையால் வட்டமிட்டேன். ஜூன் முதல் டிசம்பர் வரை 17 வட்டங்கள். ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம். கூட்டினால் பதின்மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. அவளோடு மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் மூன்றே பள்ளி நாட்களில் அதைவிடக் கூடுதல் நேரம் படித்துவிடுவார்கள்.

படிப்பு ஒருபக்கம் இருக்கட்டும். நான் தையல் எந்திரத்தில் உட்கார்ந்திருக்கும்போது அவள் தரையில் அமர்ந்து வருகைப் பதிவேடு வாசிக்கிறாள். மூன்றாம் வகுப்பின் பெயர்கள் அத்தனையும் வரிசை மாறாமல் அவளுக்கு மனப்பாடம். பதினான்காவது பெயர் அவளுடையது. அங்கே வந்ததும் நிறுத்தி, தானே “உள்ளேன் டீச்சர்” என்று சொல்லிவிட்டுப் பதினைந்தாவது பெயருக்குப் போகிறாள். பள்ளிப் பதிவேட்டிலும் அவள் பெயர் இன்னும் இருக்கிறது என்று உங்கள் பதிலே சொல்கிறது. பெயரை வைத்துக்கொண்டு பிள்ளையை வெளியே அனுப்பியிருக்கிறீர்கள்.

நவம்பரில் வட்டார வள மையத்தில் இயன்முறைப் பயிற்சிக்காகத் தாழ்வாரத்தில் காத்திருந்தேன். காது கேளாத மகனை அழைத்து வந்திருந்த ஒரு தந்தை என் கதையைக் கேட்டுவிட்டு, “சட்டத்தில் அப்படி இல்லையேம்மா” என்றார். அவர் பையில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இருந்தது. ஓரங்கள் கிழிந்த அந்த நகலை வாங்கி நானும் ஒரு நகல் எடுத்துக்கொண்டேன். கல்லூரியில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண் இரவில் வந்து வரி வரியாகப் பொருள் சொன்னாள். நான் ஒரு நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டேன். ஒரு மாதம் ஆயிற்று. உங்களுக்கு எழுதும் அளவுக்கு எனக்கு இன்று விவரம் தெரிகிறது என்றால், அது அந்த இருவர் தந்தது. உங்கள் பங்கு அதில் எதுவும் இல்லை.

அந்தச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 31ஆம் பிரிவில்தான் ‘விருப்பம்’ என்ற சொல்லை முதலில் பார்த்தேன். 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உள்ள, 6 முதல் 18 வயது வரையிலான ஒவ்வொரு குழந்தைக்கும் அருகமைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ, தன் விருப்பப்படி, கட்டணமில்லாக் கல்வி பெறும் உரிமை உண்டு என்கிறது அது. விருப்பம் குழந்தையுடையது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடு நின்றுவிடுகிறது. இந்தச் சட்டம் 18 வரை போகிறது. இந்த வேறுபாடு தெரியாததால் எட்டாம் வகுப்போடு பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொண்ட இரண்டு தாய்மார்களை அந்தத் தாழ்வாரத்திலேயே சந்தித்தேன்.

இல்லம் சார்ந்த கல்வி எங்கிருந்து வந்தது என்று தேடினேன். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தம் அது. பல்வகைக் குறைபாடோ கடும் குறைபாடோ உள்ள குழந்தைக்கு வீட்டிலிருந்தே கற்பதைத் தேர்ந்துகொள்ளும் உரிமையும் உண்டு என்பது அதன் பொருள். கடும் குறைபாடு எது என்பதற்கு அது 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தைக் கைகாட்டுகிறது. அங்கே 80 விழுக்காடும் அதற்கு மேலும் என்று இருக்கிறது. என் மகளின் சான்றிதழில் உள்ள எண் 60. குறிப்பிட்டிருக்கும் குறைபாடு ஒன்றே ஒன்று. அப்படியானால் நான் விரும்பியதாக நீங்கள் எழுதியிருக்கும் அந்த வழி என் மகளுக்காகத் திறந்ததே அல்ல. சான்றிதழின் நகல் பள்ளிக் கோப்பிலும் உங்கள் கணினிப் பதிவிலும் இருக்கிறது. யாராவது ஒருவர் அந்த எண்ணைப் பார்த்தீர்களா?

80 விழுக்காடு உள்ள பிள்ளைகளை வீட்டில் வைத்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கும் பள்ளி வாசல் திறந்தே இருக்க வேண்டும். படுக்கையை விட்டு எழ முடியாத குழந்தையின் கல்வியும் நின்றுவிடக் கூடாது என்று சட்டம் கூடுதலாக ஒரு வாசலைத் திறந்தது. அந்த வாசல் வழியாகவே படியேற முடியாத பிள்ளையை வெளியேற்றுகிறார்கள். இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

படிக்கட்டு பற்றியும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேசுகிறது. 16ஆம் பிரிவின்படி, பள்ளி மாற்றுத்திறன் குழந்தையைப் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும். கட்டடத்தையும் வளாகத்தையும் அவர்கள் புழங்கும்படி அமைக்க வேண்டும். அந்தந்தக் குழந்தையின் தேவைக்கு ஏற்ற நியாயமான வசதியைச் செய்துதர வேண்டும். இந்த ‘நியாயமான வசதி’ என்ற சொல்லுக்குப் பல நாள் பொருள் புரியாமல் இருந்தேன். அளவுக்கு மீறிய சுமையாக இல்லாத, தேவையான மாற்றம் என்கிறது சட்டம். அதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன்: மாடியில் இருக்கும் நான்காம் வகுப்பும் கீழே இருக்கும் மூன்றாம் வகுப்பும் அறையை மாற்றிக்கொள்வது. பிள்ளைகள் பைகளைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கினால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரு ரூபாய் செலவில்லை. இந்த யோசனை தலைமையாசிரியருக்கும் தோன்றவில்லை, மேற்பார்வைக்கு வந்தவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றாததற்குக் காரணம் இருக்கிறது: கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாது.

சொற்கள் இவ்வளவு கெடுதல் செய்யும் என்று இதற்கு முன் நான் நினைத்ததில்லை. சிறப்புக் கல்வி, ஒருங்கிணைந்த கல்வி, உள்ளடக்கிய கல்வி என்று உங்கள் சுற்றறிக்கைகளில் மூன்று பெயர்கள் வருகின்றன. மூன்றும் ஒன்றே என்று நினைத்திருந்தேன். தனிப் பள்ளியில் தனியாகச் சொல்லிக்கொடுப்பது ஒன்று. பொதுப் பள்ளியில் உட்காரவைத்து, பள்ளிக்கு ஏற்பக் குழந்தையை வளையச் சொல்வது மற்றொன்று. குழந்தைக்கு ஏற்பப் பள்ளி தன்னை மாற்றிக்கொள்வது மூன்றாவது. சட்டம் உள்ளடக்கிய கல்வி என்று சொல்வது இந்த மூன்றாவதை. போதாததற்கு, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி என்று ஒரு திட்டத்துக்கும் பெயர் இருக்கிறது. அங்கே ஒருங்கிணைந்தவை 2018இல் ஒன்றாக்கப்பட்ட மூன்று பழைய திட்டங்கள். ஒரு தாய் இதையெல்லாம் யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வாள்?

ஐ.இ.பி. என்றால் என் மகளுக்கென்றே எழுதப்பட வேண்டிய தனிநபர் கல்வித் திட்டம் என்று நவம்பரில்தான் அறிந்தேன். இந்த ஆண்டு அவள் எதைக் கற்க வேண்டும், எப்படி, யார் கற்பிப்பார், எப்போது சரிபார்ப்பார்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். மூன்று ஆண்டுகளும் அப்படி ஒன்று எழுதப்பட்டதாகவும் நான் ஒப்பமிட்டதாகவும் உங்கள் இரண்டாவது பதில் கூறுகிறது. இருக்கலாம். ஆண்டுதோறும் பல தாள்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவற்றுள் எது என் மகளின் எதிர்காலம், எது மருத்துவ முகாமுக்கான வருகைப் பட்டியல் என்று பிரித்துப் பார்க்க எனக்கு வழியில்லை.

தாழ்வாரத்தில் இன்னொரு தாய் இருந்தார். எழுத்துகள் இடம்மாறித் தெரியும் கற்றல் குறைபாடு அவர் மகனுக்கு. சான்றில் 40 இல்லை, அதனால் எந்த உதவியும் கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். இலவசக் கருவிகளுக்கும் இட ஒதுக்கீட்டுக்கும் அந்த 40 தேவை என்பது உண்மை. ஆனால் நியாயமான வசதிக்கு அந்த எல்லை பொருந்தாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், குடிமைப் பணித் தேர்வில் சொல்வதை எழுதுபவரைக் கேட்ட ஓர் இளைஞரின் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்தத் தாயிடம் இதைச் சொன்னபோது அவர் என்னை நம்பவில்லை. உங்கள் அலுவலகம் சொன்னதைத்தான் நம்பினார்.

இனிப் பணத்துக்கு வருகிறேன். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் சிறப்புத் தேவையுள்ள ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை ஒதுக்கலாம் என்று விதி இருக்கிறது. அது கையில் தரும் பணமல்ல என்பது எனக்குத் தெரியும். கருவிகள், முகாம், போக்குவரத்து, பாடப் பொருட்கள் போன்றவற்றுக்கானது. அது தவிர, பெண் குழந்தைகளுக்கு மாதம் 200 ரூபாய் வீதம் பத்து மாதங்களுக்கு உதவித்தொகை. அது ஒன்றாம் வகுப்பில் வந்தது. இரண்டாம் வகுப்பில் வரவில்லை. மூன்றாம் வகுப்பில் வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நகலை மறுபடியும் வாங்கிக்கொண்டார்கள். என் மகளுக்காக எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எதற்குச் செலவானது என்பதே என் மூன்றாவது கேள்வி. “குழந்தை வாரியாக விவரம் பராமரிக்கப்படுவதில்லை” என்று பதில் தந்திருக்கிறீர்கள். ஒரு குழந்தைக்கு இவ்வளவு என்று தலையெண்ணிக் கேட்டு வாங்கும் பணத்துக்கு, செலவழிக்கும்போது மட்டும் தலை கணக்கில் வராதா?

அவளுடைய வாக்கர் எனக்குத் தெரிந்த ஒரே செலவு. இரண்டாம் வகுப்பில் முகாமில் அளவெடுத்தார்கள். மூன்றாம் வகுப்பு முடியும் தறுவாயில் வந்து சேர்ந்தது. அதற்குள் அவள் வளர்ந்துவிட்டாள். குனிந்து பிடித்து நடந்ததில் முதுகு வலி வந்தது. இப்போது என் அண்ணன் வாங்கித் தந்த வாக்கரில் நடக்கிறாள்.

இந்தத் திட்டத்துக்கு ஒன்றிய அரசு 60 பங்கும் மாநில அரசு 40 பங்கும் தர வேண்டும். ஒன்றிய அரசின் பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் மாநிலம் சேரவில்லை என்பதைக் காரணம் காட்டி, 2024-25ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாய் நிறுத்திவைக்கப்பட்டதையும் செய்தித்தாளில் படித்தேன். அது அநீதி. படிக்கும் பிள்ளையின் பணத்தைப் பேரத்தில் வைக்கும் உரிமை எந்த அரசுக்கும் இல்லை. ஆனால் உங்கள் அலுவலகத்தில் நான் எதைக் கேட்டாலும் “நிதி வரவில்லை அம்மா” என்பதே பதிலாக வருவதை ஏற்க மாட்டேன். வகுப்பறையை மாற்றுவதற்கு டெல்லியிலிருந்து பணம் வர வேண்டியதில்லை. ஒரு படிவத்தைத் தமிழில் அச்சடிப்பதற்கும் வர வேண்டியதில்லை. ஆட்சிமொழிச் சட்டம் இந்த மாநிலத்தில் 1956இல் வந்தது.

எங்கள் வீட்டுக்கு வரும் சிறப்புப் பயிற்றுநர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. என் மகளின் விரலைப் பிடித்து எழுதவைக்கும் பொறுமை அவரிடம் இருக்கிறது. பதினொரு பள்ளிகளும் நாற்பதுக்கு மேற்பட்ட குழந்தைகளும் தன் பொறுப்பில் இருப்பதாகச் சொன்னார். தொகுப்பூதியம், பெட்ரோல் கைக்காசு. தொடக்க வகுப்புகளில் பத்துக் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் வரையறுத்தது. அதற்குரிய பணியிடங்களை அறிவிக்கும்படி 2025 மார்ச்சில் மீண்டும் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. எங்கள் வட்டாரத்தில் எத்தனை பணியிடங்கள் என்ற என் நான்காவது கேள்விக்கு, வேறு பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று எழுதியிருக்கிறீர்கள். காத்திருக்கிறேன்.

நான் கேட்பவை இவை.

அடுத்த பதினைந்து நாட்களுக்குள் என் மகள் நான்காம் வகுப்பில், தரைத்தளத்தில், தன் வகுப்புத் தோழர்களோடு உட்கார வேண்டும். அதற்கான எழுத்து ஆணையைப் பள்ளிக்கு அனுப்பி, நகலை எனக்குத் தாருங்கள். இழந்த ஏழு மாதப் பாடத்தை எப்படி ஈடுசெய்வீர்கள் என்பது அவளுடைய தனிநபர் கல்வித் திட்டத்தில் இடம்பெற வேண்டும். அதை எழுதும்போது நானும் உடனிருப்பேன்.

உங்கள் கோப்பில் உள்ள ‘பெற்றோர் விருப்பத்தின் பேரில்’ என்ற வரியை நீக்கி, ‘பெற்றோருக்கு விளக்கப்படாமல்’ என்று திருத்துங்கள்.

இல்லம் சார்ந்த கல்விக்கு அனுப்பப்பட்ட மற்றக் குழந்தைகளின் படிவங்களையும் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பெற்றோரையும் நேரில் சந்தித்து, அந்தப் படிவம் எதற்கானது என்று சொல்லி, இப்போதும் அதுதான் விருப்பமா என்று கேளுங்கள். இனி அந்தப் படிவம் தமிழில் இருக்கட்டும். பள்ளியில் என்னென்ன வசதிகள் செய்துபார்த்தும் முடியவில்லை என்பதைத் தலைமையாசிரியர் முதலில் எழுதி ஒப்பமிட்ட பிறகே பெற்றோரின் கையெழுத்துக்கு இடம் வர வேண்டும். எப்போது வேண்டுமானாலும் குழந்தையைத் திரும்ப வகுப்புக்கு அனுப்பலாம் என்ற வரியும் அதில் கட்டாயம் வேண்டும். நகலைக் கையில் கொடுக்காமல் எந்தத் தாயையும் அனுப்பாதீர்கள்.

ஒவ்வொரு ஜூன் மாதமும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், அந்தப் பள்ளியின் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எது வந்தது, எது வரவில்லை என்ற கணக்கைத் தமிழில் வாசிக்க வேண்டும். தன் குழந்தையின் விவரத்தை ஒவ்வொரு பெற்றோருக்கும் தனியே எழுதித் தர வேண்டும். வட்டாரவாரியாகச் சிறப்பாசிரியர் பணியிடங்களின் எண்ணிக்கையும், நிரப்பப்பட்டவையும் காலியானவையும், வட்டார வள மையத்தின் சுவரில் எழுதப்பட வேண்டும். அங்கே காத்திருக்கும் எங்களுக்கு அதைப் படிக்க நேரம் இருக்கிறது.

முப்பது நாட்களில் நடவடிக்கை இல்லையென்றால், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடுவேன். உரிமை பறிக்கப்பட்டதை விசாரிக்கும் அதிகாரம் அவருக்கு இருக்கிறது என்பதை மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 80ஆம் பிரிவில் படித்துவிட்டேன். படிவ விவகாரம், நாட்காட்டி, சான்றிதழ், உங்கள் பதில் ஆகிய நான்கையும் அவரிடம் வைப்பேன்.

பதிலைத் தமிழில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்